பீர் குடம் ஒன்று

ஒரு நேரத்தில் இரண்டு வரி.
வரிக்கு முப்பத்தாறு எழுத்து,
புள்ளியும் இடைவெளியும் சேர்த்து.
அதற்குள் ஆயிரமாயிரம் ஆண்டு நுரையை
வழியாமல் ஊற்றவேண்டும்.
ஆவணப்படங்களுக்குத் தமிழ் வசனவரி போடுகிறவள் நான்.
போன மாதம் வந்தது பீரின் வரலாறு, நாலு பகுதி.

முதல் சொல்லிலேயே தகராறு.
கள் என்று போட்டேன்.
கள் மரத்தில் இறங்குவது, இது பார்லி
என்றார் திருவாட்டி ஹம்சவேணி, மேற்பார்வை.
தோப்பி என்று போட்டேன்.
அரிசி புளித்த பழஞ்சொல்,
நம்மிடமும் ஒன்று இருந்ததே என்ற சின்னக் கர்வம்.
"கோப்பி என்று படிப்பார்கள், எடும்மா."
எடுத்தேன்.
பீர். இரண்டே எழுத்து. இடம் மிச்சம்.

படத்தில் மணல், மண்சுவர்.
ஒட்டுத்தாடி வைத்த நாலு நடிகர்கள்
ஒரே பானையில் நாணல்குழல் விட்டு உறிஞ்சுகிறார்கள்.
சோப்பு நுரையாக இருக்கவேண்டும்:
ஒருவர் முகம் சுளித்ததை வெட்ட மறந்திருந்தார்கள்.
காய்ச்சியவர்கள் பெண்களாம்.
அவர்களுக்குப் படம் ஒதுக்கியது ஏழு விநாடி.
களிமண் பலகையில் கூர் அடிப் பானை ஒன்றின் கீறல்.
மனிதன் எழுதப் பழகியதே
ஒருவேளை
குடக்கணக்கு வைக்கத்தானோ
என்று கேட்டது தேன் தடவிய ஆங்கிலக் குரல்.
நான் எழுதினேன்:
மனிதன் முதன்முதலில் எழுதிப் பழகியது பீரின் கணக்கை.
முப்பத்துமூன்று.
ஒருவேளைக்கு இடமில்லை.

பிறகு பேராசிரியர் வருகிறார்.
கோப்பையை வெளிச்சத்துக்குத் தூக்கி,
மோந்து, கண்மூடி, ஒரு மிடறு.
எச்சரிக்கை வாசகம் கிடையாது.
அதே திரையில், சென்னையிலிருந்து வரும் எட்டரை மணித் தொடரில்,
கணவன் பாட்டிலைத் தொட்டதும்
பாட்டில் கட்டம் கட்டமாய்க் கலங்கிவிடும்,
வானமில்லாத வரவேற்பறையில் இடி இடிக்கும்,
மனைவி தாலியைப் பற்றிக்கொள்வாள்.
அவர் குடித்தால் நாகரிகம்.
இவன் குடித்தால் பகுதி நூற்று நாற்பது.

சனிக்கிழமை பூன் லேயில்,
புளோக்குக்குக் கீழே கோப்பிக்கடையில்,
மீ கோரெங் கட்டச் சொல்லிவிட்டு நிற்கிறேன்.
பழச்சாறுக் கடைக்கு மேலே தொலைக்காட்சி,
சத்தத்தை அணைத்துவைத்திருக்கிறார்கள்.
ஓடுவது என் வரிகள்.
யாரும் பார்க்கவில்லை.
பீர் நிறுவனத்தின் பச்சைச் சட்டையில் சியூ ஹோங்
ஒரு பாட்டிலும் நாலு கிளாசும் ஐஸும்
கட்டுமானத் தொழிலாளர் மேசையில் வைத்து
எட்டு வெள்ளியை எண்ணி வாங்கிக்கொள்கிறார்.
பூட்ஸில் காய்ந்த சிமெண்ட்.
"அடைக்கலம், மேல பாரு, பிரமிடு."

அடைக்கலம் பார்த்தார்.
வாய்விட்டு, எழுத்துக் கூட்டாமல், வாசித்தார்:
"நாள்கூலி: பத்து ரொட்டி, பீர் குடம் ஒன்று."
மேசை குலுங்கியது.
"ஓட்டிக்கு எத்தனை குடம்?"
"கேட்டரிங் காசு பிடிச்சானா?"
"பூட்ஸ் அவன் காசா, இவன் காசா, அதைக் கேளு."
பெருங்கற்கள் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தன
ஒரு சறுக்குப் பலகையில்.

அடைக்கலம் மட்டும் சிரிக்கவில்லை.
கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அண்ணாந்தபடி,
"பீர் குடமா?
மோர்க்குழம்புக்கு க் வருதுல்ல?
பீர்க்குடம்னு போடணும்.
எவனோ படிக்காத பய எழுதிருக்கான்."

பொட்டலம் கையில் சுட்டது.
நான்தான் என்று சொல்லியிருக்கலாம்.
இன்னொரு பாட்டிலுக்குக் காசு கொடுத்திருக்கலாம்,
அது அதைவிட மோசமாக இருந்திருக்கும்.
பத்தரை நெருங்கியது. வாசலில் லாரி ஒலியெழுப்பியது.
ஐஸோடு விழுங்கிவிட்டு எழுந்தார்கள்.

மின்தூக்கியில் ஏறும்போது
விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன்.
இருபத்தாறு.
பத்து இடம் காலியாகத்தான் இருந்தது.