இரண்டாம் கட்டில், கரியாக்கூ

எக்ஸ்ரே எடுப்பவர் செவ்வாய்தான் வருவார்.
நான் விழுந்தது வெள்ளி.

அட்டைப்பெட்டியைக் கிழித்து
மணிக்கட்டுக்கு அணை கட்டினாள் நர்ஸ் வெர்லீன்.
அட்டையில் இன்னும் பால்பவுடர் விலை.

தாலினிலிருந்து காப்பீட்டுக் குரல்
மூன்றாம் முறை கேட்கிறது:
வழுக்கியது படகில் ஏறும்போதா, இறங்கும்போதா?
ஏறும்போது என்றால் நீர் விளையாட்டாம்.
இறங்கும்போது என்றால் பயணம்.

பக்கத்துக் கட்டிலில் ஈனக் ஸ்டீல், படகு கட்டுகிறவர்.
காலில் ஆறாத சர்க்கரைப் புண்.
அவர் தெரு மீன் பொரித்து விற்ற காசில்
நாளைக் காலை கிரெனடாவுக்குப் படகு.
"உனக்கு ஹெலிகாப்டரே வருமாமே?"

வரும்.
பதினான்காம் பக்கத்தில்.

படிவத்தில் 'நிரந்தர முகவரி'.
பேனா இடக்கையில்.
வெர்லீன் அவசரப்படுத்தவில்லை,
அவளுக்கு இன்னும் ஏழு பேர் காத்திருந்தும்.