மூச்சு விடாதே

இரண்டாயிரத்து முந்நூறு சோளமணிக்கு
ஒரு கல்.
காற்றில் கரியமிலவாயு அவ்வளவுதான்.
அதைப் பொறுக்கத்தான் பன்னிரண்டு விசிறிகளும்
நானும்
நைவாஷாவுக்கு மேற்கே இந்த இரவும்.

வடிகட்டி அதை மட்டும் பிடித்துக்கொண்டு
மற்றதைப் போகவிடும்.
வயிறு நிரம்பினால் கதவடைத்து
பூமிக்கடியிலிருந்து வரும் நீராவியால் சுடுவோம்.
கக்கும்.
கக்கியதைத் தண்ணீரில் கரைத்து
எரிமலைப் பாறைக்குள் இறக்கினால்
இரண்டு வருடத்தில் கல்.
வேலைக்குச் சேர்ந்த அன்று
முட்டீசோ சொன்னது இவ்வளவுதான்.
எங்கள் வீட்டு அடுப்பு
இன்னும் கரியில்தான் எரிகிறதென்று
நான் சொல்லவில்லை.

செவ்வாய் இரவு, இரண்டே கால்.
நான்காம் விசிறியில் எண் ஏறியது.
நானூற்று முப்பது. ஐந்நூறு. எழுநூற்றுப் பத்து.
குழாய் கசிகிறதென்று
முகமூடியை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

ஆடுகள்.

நாற்பதோ ஐம்பதோ.
கம்பிவேலியின் கிழிசல் வழியே வந்து
நீராவிக் குழாயின் சூட்டுக்கு ஒண்டி
விசிறியின் வாய்க்கு நேரே படுத்து
அசைபோட்டுக்கொண்டிருந்தன.
நடுவில் சிவப்புப் போர்வைக்குள்
லெமாயன்,
ஒரு கையால் கிடாயின் கொம்பைப் பிடித்தபடி
வாய் திறந்து தூங்கினான்.

எழுப்பவில்லை.
குழாய் வந்து படுத்துக்கொண்ட இடம்
முன்பு அவர்களுடைய மேய்ச்சல் தடம்.
முகமூடிக்குள் எனக்கே என் மூச்சு
புளித்த பால் போல நாறியது.

விடிந்து கணக்குப் பார்த்தால்
மூன்று கிலோ அதிகம்.
முட்டீசோ தொலைபேசியில் கொஞ்சம் இருமினார்.
"அது விற்றாகிவிட்டது, ஜெப்கோஸ்கேய்.
ஆம்ஸ்டர்டாமில் யாரோ விமானம் ஏறப்போகிறார்,
அவர் பேருக்குச் சான்றிதழும் அடித்தாகிவிட்டது.
ஆட்டைப் பற்றி
வெளியே மூச்சு விடாதே."

புல் காற்றிடம் எடுத்தது.
ஆடு புல்லிடம்.
நாங்கள் ஆட்டிடம்.
இதில் திருட்டு எங்கே தொடங்குகிறதென்று
பல் துலக்கும்போது யோசித்தேன்,
துப்பிவிட்டேன்.

லெமாயன் போகும் முன்
அவனிடம் மட்டும் மூச்சு விட்டேன்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
கிடாயின் காதைத் தூக்கிக் காட்டினான்:
இரண்டு வெட்டு, ஒரு துளை,
அவன் குடும்பத்தின் குறி.
"கல்லானபின்
எங்களுடையது எது என்று
எங்கே வெட்டி வைத்திருக்கிறீர்கள்?"

பதில் தேடி
என் காலடியையே பார்த்தேன்.
அதற்கு அடியில் எழுநூறு மீட்டர்.

வேலியைத் தைக்கச் சொல்லிச் சீட்டு எழுத வேண்டியது
நான்தான்.
சீட்டு சட்டைப்பையில் இருக்கிறது,
ஒருமுறை துவைத்தும் ஆயிற்று.
நேற்று அறுபத்திரண்டு வந்தன.
ஒரு குட்டி
விசிறிக்கு முகம் காட்டித் தும்மியது.
திரையில் எண்
ஒன்று ஏறி
இறங்கியது.