கல் குறையவில்லை

எட்டு இருக்கை விமானத்தில்
என் ரத்தம் என்னை விட்டுவிட்டு ஊர் போகும்.
வருஷத்துக்கு ஒருமுறை, மூன்று குழாய்.
அக்கா எடாவுடையதும் மூன்று.
அவளுக்கு நோயில்லை,
அதனால்தான் அவளையும் கேட்டார்கள்.

போன வருஷம் மூடுபனி.
நார்த் ரொனால்ட்சேயை விட்டு எதுவும் எழும்பவில்லை.
ஆறு குழாயும் தபால் அறையிலேயே கெட்டன.
"ரத்தப் பொரியலாவது கிளறியிருக்கலாம்"
என்றாள் எடா.

இந்த வருஷம் போய்ச் சேர்ந்தது.
அபர்தீனிலிருந்து கிர்ஸ்டன் லீஸ்க் கூப்பிட்டாள்.
அவள் குரலுக்குப் பின்னால் எப்போதும்
ஒரு குளிர்பெட்டி உறுமும்.

"எண்ணிப் பார்த்தோம், தோரா.
அடக்கிவைக்கும் செல்கள்
உங்கள் அக்காவுக்கு எத்தனையோ
உங்களுக்கும் அத்தனை."

பிறகு ஏன் என் இடது கால்
யாரோ மறந்துவிட்டுப் போன சாமான்போல் கிடக்கிறது?

சொன்னாள்.
சண்டைக்கார செல்களுக்குச் சாயம் ஏற்றுவார்களாம், ஊதா.
ஒன்று இரண்டாகும்போதெல்லாம் சாயம் பாதியாகும்.
பக்கத்தில் அடக்கும் செல்களை விட்டு
நாலு நாள் காத்திருப்பார்கள்.
எடாவின் தட்டில்
நாலாம் நாளும் ஊதா வெளுக்கவில்லை.
என் தட்டில்
ஐம்பது முறை துவைத்த சட்டை.

"இன்னொன்று," என்றாள்,
குளிர்பெட்டி நின்றதுபோல் இருந்தது.
"சிலது சும்மா இருப்பதோடு நிற்கவில்லை.
சண்டைக்காரர்கள் சுரப்பதைத்
தாங்களும் சுரக்கின்றன.
அதே சீருடை, காவலர்கள் கும்பலோடு சேர்ந்தாற்போல."

காவலர், சீருடை.
இந்தத் தீவில் போலீஸைப் பார்த்து நாளாகிறது.
எனக்குத் தெரிந்தது சுவர்.

இங்கே சுவர் வயலைச் சுற்றாது, தீவைச் சுற்றும்.
ஆடுகள் வெளியே,
அலைக்கும் கல்லுக்கும் நடுவில்,
கடற்பாசி தின்றுகொண்டு.
புல்லில் விட்டுவிட்டால்
உடம்பில் செம்பு ஏறிச் சாகும்.

டிசம்பர் புயலுக்கு மறுநாள்
ஊன்றுகோலோடு போய்ப் பார்த்தேன்.
நாற்பது அடி சரிந்திருந்தது.
கடல் ஒரு கல்லையும் கொண்டுபோகவில்லை.
எண்ணினால் கணக்குச் சரியாக வரும்.
கணக்கில் வராதது
ஒரு கல் தன் பாரம் எந்தப் பக்கம் என்று
கீழே இருக்கும் கல்லிடம் சொல்லும் விதம்.

சரிந்த கற்கள்
ஒன்றின்மேல் ஒன்று படிகளாகிக் கிடந்தன.
அதில் ஏறி
பதினோரு ஆடுகள் உள்ளே வந்திருந்தன.
சுவர் மேயவில்லை.
வழி மட்டும் கொடுத்தது.

"எந்தக் கல் முதலில் அசைந்தது?"
போனில் கேட்டேன்.
கிர்ஸ்டனுக்கு என் சுவரைப் பற்றி ஒன்றும் தெரியாது.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து
"தெரியவில்லை" என்றாள்.
அவளை எனக்குப் பிடித்தது அப்போதுதான்.

வெளியே எடுத்து, பழக்கி, திரும்ப உள்ளே அனுப்ப
முயல்கிறார்களாம்.
எலிகளில் சில நடந்தனவாம்.
எலிகளைப் பற்றி நான் மேலே கேட்கவில்லை.

ஆகஸ்ட்டில் சுவர் கட்ட ஆள் வந்தது.
நான் மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.
எடாவுக்குக் கல் கட்டத் தெரியாது,
எப்போதும் புதுக் கல்லாகத் தேடுவாள்.
எங்கிருந்தோ ஒன்றைத் தூக்கிவந்து
மூச்சு வாங்க நின்றாள்.

அதை வை கீழே, என்றேன்.
கல் போதும்.
உன் காலடியில் கிடப்பதைத் திருப்பு.
அப்படியில்லை.
இன்னும் கொஞ்சம்.