அனுமதி: இரண்டு மணி நேரம்

நகராட்சிக் காகிதத்தில் எழுதியிருந்தது:
ஐம்பது பேர், இரண்டு மணி நேரம்,
நடைபாதையை மறிக்கக் கூடாது.
முப்பத்தேழு பேர் வந்திருந்தோம்,
கைக்குழந்தைகளையும் சேர்த்து.

மெய்ன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் மார்ச் என்பது
பாதி பனி, பாதி மழை.
மீன் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து
நேராக வந்தவள் நான்.
நகக்கண்ணில் இன்னும் செதில்.
துஜானி வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கிக்கு
முதல் முழக்கத்திலேயே தொண்டை கட்டியது.
பரவாயில்லை, கத்தினோம்.
ஆங்கிலத்தில் கொஞ்சம், அரபியில் கொஞ்சம்.
மசாலித் மொழியில் யாரும் கத்தவில்லை.
அது வீட்டுக்குள் பேசுவது.

நாயோடு போனவர் ஒருவர் கேட்டார், எந்த நாடு?
சூடான் என்றோம். டார்ஃபூர்.
"அங்கே எப்போதுமே அப்படித்தான், இல்லையா?"
பரிவோடுதான் சொன்னார்.
கமீஸ் ஒரு துண்டறிக்கை நீட்டினான்.
நாய் அதை முகர்ந்தது.

எப்போதும் இல்லை ஐயா.
ஜெனீனாவில் நான் தண்ணீர்க் கட்டணம் கட்டியிருக்கிறேன்.
பல் பிடுங்க வரிசையில் நின்றிருக்கிறேன்.
எதிர்வீட்டு அரபிக்காரியிடம் சல்லடை இரவல் வாங்கி
திருப்பித் தராமல் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.
அந்தச் சல்லடை எரிந்த இரவில்
அவள் கதவைத் திறந்தாளா, மூடினாளா?
இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள்.

பிறகு பெயர்கள்.
வாசிக்க என்னை நிறுத்தினார்கள்,
இவளுக்குக் குரல் உடையாது என்று.
நான்கு பக்கம்.
தொலைபேசியில் வந்த குரல்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு
ஆறு வீட்டுச் சமையலறைகளில் எழுதியது.
மழை பட்டு மை ஊறி
ஒரு அபாகர் இன்னொரு அபாகருக்குள் இறங்கியிருந்தான்.

மூன்றாம் பக்கத்தில்
"யாகூப் அர்பாப், தச்சன்" என்றேன்.
"இல்லை" என்றது பின்வரிசை.
"எல்லை தாண்டிவிட்டான். சாட் பக்கம், ஆத்ரேயில் இருக்கிறான்.
நேற்று என் மாமியிடம் செருப்பு கேட்டானாம்."

யாருக்கும் சட்டென்று புரியவில்லை.
புரிந்ததும் தட்டினார்கள் பாருங்கள் கையை!
பகீத்தா குலவையிட்டாள்.
போலீஸ்காரர் காரை விட்டு இறங்கி நின்றார்.
ஐந்து நாள் அவனுக்காக அழுத இத்ரீஸ்
"பாவி, என்ன அளவு கேட்டான்?" என்றான்,
யாரையும் பார்க்காமல்.

பேனா வாங்கி அடித்தேன்.
ஈரத்தாள். கோடு கிழித்துக்கொண்டு இறங்கி
நான்காம் பக்கத்தில் ஒரு பெயர்மேலும் விழுந்தது.
அடிபட்டவர்கள் எல்லாம் பிழைத்தவர்கள் என்றால்
இவளும்தானே என்று
ஒரு மூச்சு நேரம் நின்றேன்.
பின்வரிசையைப் பார்த்தேன்.
இருமல்கூட இல்லை.

கல்தூமா இஸ்ஹாக், தையற்காரி.
இஸ்ஹாக் எனக்கும் அப்பா.

மீதி பதினொரு பெயரையும் வாசித்தேன்.
துஜானி ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினான்,
ஐந்து மணி தாண்டினால்
இன்னொரு நாள் வாடகை.