சிரிப்புக்கு எத்தனை மதிப்பெண்

புன்டா அரீனாஸில் காற்று
இரவு முழுக்க ஜன்னலைப் பிடித்து உலுக்கியது.
ஏழாம் படுக்கையில் எவரிஸ்தோ.
பதினொரு வயது. ஒரு சொல்லும் கிடையாது.

என் கையில் படிவம்.
முகம்: சுளிப்பு இல்லை. பூஜ்யம்.
கால்கள்: தளர்வு. பூஜ்யம்.
அழுகை?
எங்கே, சிரித்துக்கொண்டிருக்கிறான்.
அதற்கும் பூஜ்யம்.
வட்டம்கூட அழகாக விழுந்தது.

சுவரில் ஆறு மஞ்சள் முகங்கள்,
வலிக்கிற முகத்தைத் தொட்டுக் காட்டு என்று.
அவன் விரல்களுக்கு
ஒன்றையொன்று பின்னிக்கொள்ள மட்டுமே தெரியும்.

நண்டு ஆலையில் வேலை முடிந்து
மூன்றரைக்கு வந்தாள் ஹசிந்தா,
ரப்பர் பூட்ஸில் உப்பு வாடையோடு.
வாசலிலேயே நின்றுவிட்டாள்.
"எப்போதிருந்து சிரிக்கிறான்?"

பத்து மணியிலிருந்து, என்றேன்,
நல்ல செய்தி சொல்கிற குரலில்.

"இது அவன் சிரிப்பில்லை.
அவன் சிரிப்பு மூக்கில் கிளம்பும்.
இது தொண்டை.
தொடையெலும்பு முறிந்தபோது
இரண்டு நாள் இப்படித்தான் சிரித்தான்,
எல்லோரும் கூடச் சிரித்தார்கள்."

போர்வையை விலக்கினாள்.
வயிற்றின் வலப்பக்கம் கை கிட்டே போனதும்
சிரிப்பு இன்னும் உரத்தது.

டாக்டரை எழுப்பினேன்.
ஐந்து மணிக்குக் குடல்வாலை எடுத்தார்கள்,
வெடிக்க இருந்ததாம்.

படிவத்தில் சிரிப்புக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில், பேனா அழுந்த எழுதினேன்:
மூக்கா, தொண்டையா, தாயைக் கேட்கவும்.

பூஜ்யங்களை நான் அடிக்கவில்லை.
ஏழு மணி ஷிப்டுக்கு எதெல்மீரா வருவாள்,
யார் போட்டது என்று கேட்பாள்.