சோளத்தட்டு லாரி

சனிக்கிழமை கூலியில் முந்நூறு ரூபாயைத்
தனியாக எடுத்து வைக்கிறேன், எட்டு மாதமாய்.
திருப்பூரில் பனியன் கம்பெனி, செக்கிங் வேலை.
ட்யூப்லைட் அடியில் துணியை விரித்து
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்
கண்டால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.
ஒட்டியது எங்கே போகிறதென்று கேட்டதில்லை.

முந்நூறு போகும் இடம் தெரியும்.
குண்டடம் தாண்டி, கிளுவை வேலி போட்ட
பதினோரு ஏக்கர் கொரங்காடு.
லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற நாட்ராயன்
குத்தகைக்குப் பிடித்தது.
எண்பத்து மூன்று உருப்படி.
மாடு, எருமை,
கழுத்தில் இறகு முளைக்காத பிராய்லர் கோழி ஆறு,
செங்கல் சூளையிலிருந்து வந்த ஒரு கழுதை.
கழுதைதான் எல்லாரையும் மிரட்டுகிறது.

"உங்க முந்நூறு இந்தச் செவலைக்குத்தானுங் அம்மிணி"
என்று முதல் நாளே காட்டிவிட்டார்.
விலாவில் நீலப் பெயிண்டில் 17.
கோபாலபுரம் செக்போஸ்ட்டில் பிடிபட்ட லாரியிலிருந்து
பதினேழாவதாக இறங்கியது.
இறங்கியது என்பது காகிதத்துக்கு.
பலகை சரித்து நாலு பேர் இறக்கினார்கள்.
வழியில் படுத்துவிடக் கூடாதென்று
கண்ணில் மிளகாய் வைத்திருந்தது.
மூன்று இடத்தில் ஒடித்த வால்
இப்போது ஏதோ எழுத்தைப் போலத் தொங்குகிறது.
ழ-வா, ஞ-வா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.
துணி பார்க்கிற கண், வேறென்ன செய்யும்.

வழக்கு பொள்ளாச்சி கோர்ட்டில் நடக்கிறது.
செத்தால் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும்.
தீர்ப்பு மாறினால் பழைய ஆளே வந்து ஓட்டிப்போகலாம்.
அந்தக் காகிதத்தை நாட்ராயன்
வேப்பெண்ணெய் டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறார்.

பங்குனியில் கொழுக்கட்டைப் புல் வேரோடு கருகிற்று.
எங்கள் லைனில் பதினொரு பேர்
ஓவர்டைம் காசு போட்டு
ஒரு லோடு சோளத்தட்டு வாங்கினோம்.
டெய்லர் சாவித்திரி மட்டும் தரவில்லை.
"மனுசனுக்கே இங்க வழியக் காணோம்."
அவள் பையனுக்கு வாரம் ரெண்டு டயாலிசிஸ்.
என்ன பதில் சொல்வது. இன்னும் தெரியவில்லை.

ஞாயிறு மத்தியானம் லாரி வந்தது.
தார்ப்பாய், கயிறு, பின்கதவுச் சங்கிலி.
பெருமையாக முன்னால் போய் நின்றேன்.
ஏர்பிரேக் ஒரு தடவை சீறியது.

அத்தனையும் ஓடின.
எருமைகூட. கழுதைகூட.
வெள்வேல மரத்தடியில், வேலி மூலையில்,
பதினோரு ஏக்கர் காலியாகக் கிடக்க
ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு
லாரிக்குள் நின்ற மாதிரியே நின்றன.
கிளுவை கிழித்துச் செவலையின் தோளில் ரத்தம்.

நாட்ராயன் திட்டவில்லை.
"சொல்ல மறந்துட்டனுங்.
அரை பர்லாங் முன்னாலயே நிறுத்தோணும்."

டிரைவர் சிவமலை வண்டியைப் பின்னால் எடுத்தான்.
ரிவர்ஸில் பீப் பீப் என்று கத்துகிற வயரை
இறங்கிப் பிடுங்கிவிட்டு எடுத்தான்.
கைலியை மடித்துக் கட்டி
முதல் கட்டைத் தலையில் ஏற்றினான்.
இருநூற்றுச் சொச்சம் கட்டு, நாலு பேர்.
தட்டின் சுணை கழுத்தெல்லாம் ஊறியது.

டீ குடிக்கையில், யாரையும் பார்க்காமல் சொன்னான்:
"ரெண்டு வருசம் சந்தை லோடு அடிச்சனுங்.
மொளகா நான் வெக்கல. க்ளீனர் வெச்சான்.
நான் கண்ணாடில பாத்துட்டிருந்தன்."
டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
அடுத்த கட்டுக்குப் போனான்.
வாடகையை முழுசாகத்தான் வாங்கிக்கொண்டான்.

இருட்டுகையில் எருமைகள் முதலில் வந்தன,
அப்புறம் மற்றவை.
செவலை வரவில்லை.
வேலியோரம் நின்று
காதை மட்டும் எங்கள் பக்கம் திருப்பியது.
அதற்கும் எனக்கும் நடுவில்
ஒரு பிடி தட்டைப் போட்டுவிட்டுக்
கடைசி பஸ்ஸுக்கு நடந்தேன்.

புதன்கிழமை போன் பண்ணினார் நாட்ராயன்.
தோள் காய்ந்துவிட்டதாம்.
"நீங்க போட்ட தட்டு காலைல அங்க இல்லீங் அம்மிணி.
செவலை தின்னுச்சோ என்னமோ.
கழுதையா இருந்தாலும் இருக்கும்."