ஐம்பதுக்கு ஒன்று

வேலை இதுதான்:
அச்சிலிருந்து வந்து விழும் இசைத்தட்டுகளில்
ஐம்பதுக்கு ஒன்றை எடுத்துக் கேட்பது.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு.
அந்த ஒரு சோற்றையும் முழுதாய் மெல்ல நேரமில்லை.
தொடக்கத்தில் பன்னிரண்டு நொடி,
ஊசியைத் தூக்கு.
முடிவில் பன்னிரண்டு நொடி,
ஊசியைத் தூக்கு.
கீறல் இல்லை, குமிழி இல்லை,
உறைக்குள் போடு.

டெட்ராய்ட்டில் அந்த வருடம்
எந்த ஜன்னலைத் திறந்தாலும் எங்கள் கம்பெனிப் பாட்டு.
நானூறு பாட்டுக்கு ஆரம்பம் தெரியும் எனக்கு,
நானூறு பாட்டுக்கு முடிவு தெரியும்.
'போகாதே' என்று ஒருத்தி தொடங்குவாள்,
'போய்த் தொலை' என்று முடிப்பாள்.
இடையில் என்ன நடந்தது என்று கேட்க
எனக்குச் சம்பளம் கிடையாது.
வீட்டில் ஒரு ரேடியோ உண்டு, அண்ணன் லாவெலுடையது.
அதில் பேஸ்பால் மட்டும்தான் வரும் என்று
வெகுநாள் நம்பியிருந்தேன்.

பிப்ரவரியில் ஆர்டெல்லாவின் பிறந்தநாள்.
நிலவறையில், கொதிகலனுக்குப் பக்கத்தில்
மேசையைத் தள்ளி இடம் பண்ணியிருந்தார்கள்.
ஆக்சில் தொழிற்சாலைப் பையன்கள்
நகக்கண்ணில் கிரீஸோடு, பளபளக்கும் ஷூவோடு.
அந்தப் பாட்டைப் போட்டார்கள்.
முந்தின செவ்வாய்க்கிழமை
பதினோராயிரம் அடித்து அனுப்பிய பாட்டு.
பன்னிரண்டு நொடி ஆனதும்
என் கை தானாக எழுந்தது.
யாரும் ஊசியைத் தூக்கவில்லை.
பாட்டு போய்க்கொண்டே இருந்தது,
பஸ் நிறுத்தத்தில் தினம் பார்க்கும் ஒருத்தி
திடீரென்று தன் வீட்டுக்குள் கூட்டிப்போனது மாதிரி.

நடுவில் அவள் அவன் சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள்.
அவன் அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறாள்.
கோபம் வருவது இரண்டாம் சரணத்தில்,
அதுவும் அற்ப விஷயத்துக்கு:
ஒரு குடை.
"ஓ, குடைதானா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.
ஆர்டெல்லா என்னைப் பார்த்த பார்வை!
ஊருக்கே தெரிந்த குடை.

அப்புறம் சாக்ஸபோன் ஓய்ந்து
வயலின்கள் வருவதற்குள்
ஒரு நூலிழை மௌனம்.
அதில்
க்ரீச்.

நாற்காலி. மர நாற்காலி.
யாரோ எழுந்திருக்கிறார்கள்.

ஆடிக்கொண்டிருந்த ஒருவரும் திரும்பவில்லை.

திங்கட்கிழமை ப்ரூசின்ஸ்கியிடம் போனேன்.
"குறை இருக்கிறது. ஒவ்வொரு தட்டிலும்."
கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தபடி கேட்டார்:
"தொடக்கத்திலா, முடிவிலா?"
"நடுவில்."
"நடுவில் நமக்கென்ன வேலை, வெர்லீன்?"

பாடியவள் பெயர் லேபிளில் இருந்தது.
எழுதியவர்கள் பெயர், சுழலும் வேகம் எல்லாம் இருந்தது.
வாசித்தவர்கள் பெயரே இல்லை,
எழுந்தவர் பெயருக்கு எங்கே போக?
ஒன்பது மணிநேரம் உட்கார்ந்த கிதார்க்காரரின்
முதுகாக இருக்கலாம்.
ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் என்று
கண்ணாடிக்கு அப்பால் யாராவது கை காட்டியிருக்கலாம்.
கடைசி பஸ்ஸாகவும் இருக்கலாம்.
பனி உருகும்வரை
ஒவ்வொன்றாய் மாட்டிப் பார்த்தேன்.
எனக்கென்னவோ பஸ்தான் பொருந்தியது.

ஜூலையில் ஒரு மாலை, வுட்வர்ட் அவென்யூ சிவப்பு விளக்கில்
கண்ணாடி இறக்கிய மூன்று கார்கள்.
மூன்றிலும் ஒரே ஸ்டேஷன், அதே பாட்டு.
நடைமேடை ஓரம் மளிகைப் பையோடு நின்றேன்.
மூன்று கார்களிலும்
ஒரே சமயத்தில் அவர் எழுந்தார்.
பச்சை விழுந்தது.

அதன்பிறகும் வேலை அதேதான்.
பன்னிரண்டு நொடி, தூக்கு. பன்னிரண்டு நொடி, தூக்கு.
அந்தப் பாட்டு மறுபடி அச்சுக்கு வரும் நாளில் மட்டும்
ப்ரூசின்ஸ்கி சாப்பிடப் போகும்வரை காத்திருந்து
ஊசியை நடுவில் இறக்குவேன்.
சாக்ஸபோன். மௌனம்.
க்ரீச்.
சரியாக இருக்கிறது.
உறைக்குள் போடு.